கீழே கிடந்த காசு

எங்கள் வீட்டில் பெருக்கும்போது கிடைக்கிற காசை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது என் மாமியார் போட்ட சட்டம். கட்டிலுக்கு அடியிலோ, கதவிடுக்கிலோ, துவைக்கிற கல்லின் ஓரத்திலோ, எங்கே கிடந்தாலும் அது கூடத்து அலமாரியில் இருக்கும் பீங்கான் ஜாடிக்குள் போய்விட வேண்டும். மூடி உடைந்துபோனதால் ஊறுகாய்க்கு லாயக்கில்லாமல் போன ஜாடி அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதைத் துணிப்பையில் கவிழ்த்துக்கொண்டு மாமியார் கிரிவலம் போவார். மலையைச் சுற்றி வழி நெடுக உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் ஆளுக்கொரு காசு போட்டுக்கொண்டே வருவார். கீழே விழுந்த காசு நம்மை விட்டுப் போக நினைத்த காசு, அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு நானே அந்தச் சட்டத்துக்குக் காவல்காரியானேன். வீட்டு வேலைக்கு வந்த அம்மாளிடம் முதல் நாளே கறாராகச் சொன்னேன். "கீழ எந்தக் காசு கெடந்தாலும் சரி, எது என்னனு பாக்காத. எடுத்து ஜாடில போட்டுடு." அவள் அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். ஒருமுறை பத்து பைசாவை என் கண்ணெதிரில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போட்டாள். அப்போதும் "எனக்கு எதுக்கு காட்டற? வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் இருந்தது. என் வீட்டுக்காரர் அரசாங்க ஆபீசில் கிளார்க். மாடியில் இருந்த இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று வருஷங்களில் அந்தத் தெருவில் வெள்ளைக்காரர்களோடு தடுமாறாமல் இங்கிலீஷ் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். பி.ஏ. படித்திருந்தேன். யாருக்காவது காய்ச்சல் வந்தால், தண்ணீர் வரவில்லை என்று சண்டை வந்தால், ஆட்டோக்காரனோடு தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்தை இந்தப் பக்கத்துக்கும் சொல்லுவேன். அதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வேலைக்கு வந்த அம்மாளுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது ஜாஸ்தி இருக்கும். நான் அவளை வா, போ என்றுதான் பேசினேன். அவள் என்னை அம்மா என்றாள். அது அப்போது தப்பாகவே தோன்றவில்லை. புருஷன் லாரியில் போய் விபத்தில் செத்துவிட்டான். எங்கள் வீட்டையும் சேர்த்து அந்த ரோட்டில் நான்கு வீடுகளில் வேலை பார்த்தாள். ஒரே மகள். கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிற பையனுக்கு நிச்சயம் பண்ணி, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். பாத்திரம் துலக்கும்போதும் துணி பிழியும்போதும் அவளுக்கு அதே பேச்சு. பையன் பீடி சிகரெட் தொடமாட்டானாம், மாமியார்க்காரி நல்லவளாம். எத்தனை முறை சொல்லுவாய் என்று நான் அலுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் மாடியில் ஒரு அமெரிக்கர் தங்கியிருந்தார். அறுபது தாண்டியவர், நெட்டையாக, கொஞ்சம் கூன். ஊரில் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். வீடு, கார், புத்தகம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ஒன்றை மட்டும் விட முடியவில்லை என்று ஒரு நாள் மத்தியானம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். மேஜையில் இருந்த புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்து, அதிலிருந்து ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தார்.

நம் ஒரு ரூபாயை விடப் பெரியது. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மறுபக்கம் இலைகளால் கட்டிய ஒரு வளையம். சாம்பல் பூத்த வெள்ளை நிறம். கையில் வைத்திருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. அலுமினியம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊர்ல இதுல இட்லித் தட்டு செய்வாங்க" என்றேன். அவரும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்.

அவர்கள் நாட்டு நாணயச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாக ஒரு காசு போடுவதற்கு முன்னால் அச்சைப் பரீட்சை பண்ணிப் பார்ப்பார்களாம். தங்கத்தில் வரவேண்டிய காசைச் செம்பில் அடிப்பார்கள், வெள்ளியில் வரவேண்டியதைத் தகரத்தில், நிக்கலில், அலுமினியத்தில் அடிப்பார்கள். ஒவ்வொன்றிலும் நாலோ ஐந்தோ. மேலே இருப்பவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது, அந்தக் காசு கடைத்தெருவுக்கே வராது. இது அப்படி வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அலுமினியத்தை மண்ணிலிருந்து பிரிப்பது அவ்வளவு கஷ்டம், வெள்ளியைவிட விலை ஜாஸ்தியாக இருந்ததாம். அவருடைய அப்பா வாங்கி வைத்திருந்து, சாகும்போது கொடுத்தது. இதுபோல் இன்னும் இரண்டு இருப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பும்போது அங்கிருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். விலைக்குக் கொடுத்தால் என்ன வரும் என்று கேட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியாது. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். "இந்தத் தெருவில் பாதியை வாங்கலாம்" என்றார்.

அன்றைக்குப் பூராவும் எனக்கு அந்தக் காசு நினைப்புத்தான். வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. வேலைக்கார அம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் அவர் பத்து நாள் பாண்டிச்சேரி போனார். அறையைப் பூட்டிவிட்டுத்தான் போனார், ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் குரங்குத் தொல்லை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் மாடியில் ஒரே சத்தம். என்னிடம் இருந்த சாவியைக் கொடுத்து அந்த அம்மாளை அனுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டு மேலிருந்தே கத்தினாள். "கொரங்கு எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடுச்சும்மா! காயிதம் எல்லாம் கிழிஞ்சு கெடக்குது." பிஸ்கட் இருக்கிறதென்று நினைத்துக் கையில் அகப்பட்டதையெல்லாம் பிய்த்திருக்கிறது. நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். "கிழிஞ்சதப் பெருக்கி அள்ளு, புஸ்தகத்த மேஜை மேல அடுக்கிவை, ஜன்னலச் சாத்திட்டு வா" என்று கீழிருந்தே கத்தினேன். மேலே ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் இறங்கி வந்து, குப்பையைக் கொட்டிவிட்டு, கூடத்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். ஜாடியில் காசு விழுந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் சத்தம் கம்மி.

அந்த வாரம் பௌர்ணமி. மாமியாருக்கு முழங்கால் வீங்கிப்போய் நடக்க முடியவில்லை. "நீ போய்ட்டு வாம்மா, மாசம் தவறக் கூடாது" என்று என் தலையில் கட்டினார். எனக்கு இஷ்டமில்லை. சமையலை முடித்து, வீட்டுக்காரரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பியபோதே வெயில் ஏறிவிட்டது. செருப்பில்லாமல் எட்டு ஒன்பது மைல். அப்போதெல்லாம் இப்போதுபோல் பாதை இல்லை, கூட்டமும் இல்லை. எமலிங்கக் கோயில் தாண்டும்போதே பாதம் எரிந்தது. எல்லார்மேலும் கோபத்தோடு, உட்கார்ந்திருந்தவர்களின் தட்டுகளில் பைக்குள் கைவிட்டுக் கைவிட்டுப் போட்டுக்கொண்டே நடந்தேன். யாருக்கு என்ன போட்டேன் என்று பார்க்கவில்லை.

அடி அண்ணாமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புளியமரத்தடியில் ஒரு கண் பூ விழுந்த ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். போட்டுவிட்டு இரண்டடி நடந்ததும் கூப்பிட்டார்.

"தாயே, இது இன்னா காசு? வட்டமா கீது. இது செல்லுமா?"

திரும்பினேன். அலுமினியத்தில் நம்முடைய ஐந்து பைசா சதுரம், பத்து பைசா வளைவு வளைவாக இருக்கும், இருபது பைசா ஆறு மூலை. வட்டமாக எதுவும் கிடையாது. அவர் விரலுக்கு நடுவில் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாமலையாருக்குனு குடுத்தா எல்லாம் செல்லும். வெச்சுக்கோ" என்றேன்.

அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததா? வெயிலில் கண் கூசியது, கால் சுட்டது, எனக்குத் தெரியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஏதோ ஒன்று இடறியது. நின்று வாங்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நிற்கிற பொறுமை எனக்கு இல்லை.

ஐந்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காசைக் காணோம் என்றார். குரங்கு வந்ததைச் சொன்னேன். புளியமரத்தடி கண்ணுக்குள் வந்து நின்றது.

மறுநாள் காலை கூடத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் அலமாரி, அதில் ஜாடி. கொல்லையிலிருந்து அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். கையில் சோப்பு நுரை. அதை முந்தானையில் துடைத்துத் துடைத்து, கைகளை அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றாள். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். தனக்குக் கோபம் இல்லை. யாரையும் சந்தேகப்படவில்லை. அறையைச் சுத்தம் பண்ணும்போது ஒரு காசைப் பார்த்தாளா என்று மட்டும் தெரிய வேண்டும். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"ஆமாம்மா" என்றாள். "கட்டிலுக்கடியில கெடந்துது. வெள்ளையா, பெருசா. அவங்க ஊர்க் காசு போலன்னு நெனைச்சேன். நீங்க சொன்னா மாதிரியே ஜாடில போட்டுட்டேன். கேளுங்கம்மா, அதுவா அவரு தேடறது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எச்சில் விழுங்குகிற நேரம். அதற்குள் எல்லாம் ஓடியது. ஜாடி என்று சொன்னால் அடுத்தது என்ன கேட்பார்? அந்தக் காசை யார் கொண்டுபோனது என்று கேட்பார். பாதித் தெருவை வாங்கக்கூடிய காசு. அதன் கதையை என்னிடம்தான் சொன்னார், என் கையில்தான் வைத்தார். ஒன்றும் தெரியாத வேலைக்காரி ஜாடியில் போட்டால் அது அறியாமல் செய்தது. எல்லாம் தெரிந்த நான், ஒரு ஆள் கூப்பிட்டுக் காட்டியும் வெச்சுக்கோ என்று சொல்லிவிட்டு நடந்தேன் என்றால் அதற்கு என்ன பேர்?

"அப்படி எதையும் பார்க்கவே இல்லை என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள். பிறகு, ஏதோ கேட்க வருபவள்போல் என்னைப் பார்த்தாள். "போய்த் துணியப் பிழி" என்றேன்.

அடுத்த நாள் விடிந்ததும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். அந்தச் சாமியார் அதே மரத்தடியில் இருந்தார். எனக்கு உயிர் வந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்த இருபது ரூபாயை முதலில் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"அந்த வட்டக் காசா?" என்றார். "டீக்கடையில வாங்கமாட்டேன்னுட்டான் தாயே. அப்புறம் பாத்திரக்காரன் சைக்கிள்ல வந்தான். அஞ்சு பைசா பத்து பைசா எல்லாம் எடைக்கு எடுத்துக்கறான். அதோட சேத்துப் போட்டுட்டேன்."

"எங்க கொண்டு போறான்?"

"எங்கியோ உருக்கறாங்களாம். எனக்கு இன்னா தெரியும்?"

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. மனசு வேறு வேலை செய்துகொண்டிருந்தது. இனி உண்மையைச் சொன்னாலும் காசு வரப்போவதில்லை, பிறகு சொல்லி யாருக்கு என்ன லாபம், நாலு நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று அது எனக்கு எடுத்துக் கொடுத்தது. அந்தக் காசு ஒரு காலத்தில் வெள்ளியைவிட ஒசத்தி என்று அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. இப்போது எந்த ஊர்ச் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கிறதோ.

அடங்கவில்லை. பக்கத்தில் பெரிதாக விடுதி நடத்துகிறவர் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தார். "வெள்ளைக்காரங்க நடுவுல பேச்சு பரவிடுச்சு சார். இப்பவே கண்டிக்கலைனா நம்ம ரோட்டுப் பக்கம் ஒருத்தன் தலைவெச்சுப் படுக்க மாட்டான். ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்து வைங்க, பயத்துல தானா வெளிய வந்துடும்" என்றார். அமெரிக்கர் வேண்டாம், வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் அவர் பேச்சைக் கேட்கவில்லை, தன் வீட்டுப் பெயர் கெட்டுவிட்டதே என்று அவருக்குக் கோபம். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது என்னிடம் கேட்டார், "உனக்கு ஏதாவது தெரியுமா?" தெரியாது என்றேன்.

என் மாமியார் ஒருத்தர்தான் முழங்காலில் கிழங்கு மாதிரி வீக்கத்தோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டார். "அவ ஜாடில போட்டேன்னு சொன்னா போட்டிருப்பா. அவ எடுக்கற ஜாதி மனுஷி இல்ல." நான் அவர் வாயை அடைத்தேன். "உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க அத்தை."

ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "ஜாடில போட்டேன், அம்மாவைக் கேளுங்கனு அந்தப் பொம்பள ஒரே பாட்டா பாடுது. நீங்கதான கொண்டுபோய் குடுத்தீங்க? பாத்தீங்களா அந்தக் காச?"

"கவனிக்கலைங்க" என்றேன்.

அவளை இரண்டு நாள் விசாரித்தார்கள். காலையில் கூட்டிப்போய்ச் சாயங்காலம் விட்டார்கள், மறுநாள் மறுபடியும் கூட்டிப்போனார்கள். அங்கே என்ன நடந்ததென்று நான் யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வீங்கி, மடங்காமல் இருந்தன.

அமெரிக்கர் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டியோடு படியில் நின்றவர் அவளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "அவளிடம் சொல்லுங்கள், நான் மன்னித்துவிட்டேன். போலீஸ் என் வேலை இல்லை. இதையும் சொல்லுங்கள்" என்றார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"ஊருக்குப் போறாராம். போய்ட்டு வரேன்னு சொல்றாரு."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் ஜாடில போட்டத அவருகிட்ட சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்."

மேற்கொண்டு ஏதாவது கேட்பாள் என்று பயந்து நான் உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மற்ற மூன்று வீட்டிலும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், ஸ்டேஷன் படி ஏறியவள் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். தை பிறந்து, போனது. மகளைப் பெங்களூரில் யாருக்கோ இரண்டாந்தாரமாகக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். ஆளுக்கு அவள் வயதைப்போல் இரண்டு மடங்காம்.

அமெரிக்கரிடமிருந்து ஒரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. அந்தப் பெண்மணி எப்படி இருக்கிறார், நான் எப்போதோ சொல்லியிருந்த மகளின் கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டிருந்தார். நன்றாக நடந்தது, எல்லாரும் சௌக்கியம் என்று பதில் எழுதிப்போட்டேன். அழகான இங்கிலீஷ். தபாலில் போடும் முன் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று திரும்பப் படித்துக்கூடப் பார்த்தேன்.

மாமியார் போன பிறகு ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். கிரிவலத்தையும் விட்டுவிட்டேன். முழங்கால் வலி என்று காரணம் சொல்லுவேன், எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தரையில் காசு கிடந்தால் பார்க்காததுபோல் தாண்டிப் போவேன். எத்தனையோ தடவை அந்த அம்மாளின் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். தெருமுனையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் கழித்து வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தால் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். அதற்குள் ஊரே மாறிப்போயிருந்தது. பௌர்ணமிக்குக் கூட்டம் நெரிகிறது என்று சாதாரண நாளில், காலையில் கிளம்பினேன். பழக்கம் விடவில்லை. துணிப்பையில் ஒரு ரூபாய்க் காசுகளாக மாற்றி எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஒவ்வொரு காசையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

வாயுலிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், கோணியை விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் வரிசையில் அவள் இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் முதலில் அடையாளம் கண்டது முகத்தை இல்லை, மடங்காத அந்த வலது கை விரல்களை.

அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் ஒழுங்கில்லாமல் வந்தது. "நான் அவர்கிட்ட சொல்லவேயில்லைங்க. நீங்க ஜாடில போட்டேன்னு சொன்னதச் சொல்லல. பாக்கலைனு சொன்னீங்கனு மாத்திச் சொல்லிட்டேன். அந்தக் காச நான்தான் குடுத்துட்டேன். எனக்குத் தெரியும்." ஆயுசில் முதல் தடவையாக அவளை நீங்க என்றேன். அவளும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

தட்டிலிருந்த சில்லறையை இடது கையால் ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றாள்.

"எப்படி?"

"ஜாடினு சொல்லியிருந்தீங்கன்னா அவரு திரும்பி அலமாரியப் பாத்திருப்பாரு இல்ல? பின்னாடியேதான இருந்துது. அவரு திரும்பவே இல்லியே. என்னையேதான பாத்துனு இருந்தாரு."

கூடத்தில் அந்த நாற்காலி, அந்த அலமாரி, நுரைக் கையோடு நின்ற அவள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இந்த ஒன்று என் கண்ணில் படவேயில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன். என் வாயிலிருந்து அப்படியும் வந்தது.

"எந்த பாஷையில கேக்கறது?" என்றாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

மகளைப் பற்றி விசாரித்தேன். பெங்களூரில் இருக்கிறாள், வரமாட்டாள் என்றாள். பையோடு அப்படியே எல்லாவற்றையும் அவள் தட்டில் கவிழ்த்துவிட வேண்டும்போல் இருந்தது. கைவிட்டு அள்ளினேன். இரண்டு மூன்று தட்டில் விழுந்தன, ஒன்று கோணியைத் தாண்டித் தரையில் உருண்டது.

அவள் எட்டி அதை எடுத்தாள். மடங்காத விரல்களால் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாற்றினாள். முந்தானையால் அதன் மண்ணைத் துடைத்தாள். தட்டில் போடவில்லை. என் பையின் வாயை விரித்து, அதற்குள் போட்டாள்.

"கீழ கெடந்துதும்மா" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் தன் தட்டை என் பக்கம் நீட்டினாள். நான் எழுந்து, அதில் ஒரு ரூபாய் போட்டுவிட்டு நடந்தேன்.